மூடியில் எழுதிய பெயர்

நாலாவது நாள் காலையில் இன்குபேட்டரைத் திறந்து, பூஞ்சை வளர்க்க வைத்திருந்த தட்டைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். மேலே வெள்ளைப் பஞ்சு, அடியில் கத்தரிப்பூ நிறம் லேசாகப் படர்ந்திருந்தது. அவ்வளவுதான், எனக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. மார்க்கரை எடுத்து மூடியில் ‘ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம் கியூபென்ஸ்’ என்று முழுப் பெயரையும் எழுதி, தேதி போட்டு, போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸப் குழுவிலும் போட்டுவிட்டேன். முதுகலை இரண்டாம் வருடம். வாழையின் பனாமா வாடல் பூஞ்சையை நானே பிரித்தெடுத்துவிட்டேன் என்ற பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெயரில் மூன்று சொல் இருக்கிறது. முதல் சொல் சரி. இரண்டாவது பாதி சரி. மூன்றாவதை எழுத எனக்கு அன்றைக்கு எந்த உரிமையும் இல்லை. இது புரிய ஏழெட்டு மாதம் ஆனது.

மாதிரி எடுத்தது தொட்டியம் பக்கம், காவிரிக்கரை ரஸ்தாலித் தோட்டம் ஒன்றில். ஏழு மாத வாழை. அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு மடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டியது போலத் தொங்கிக்கொண்டிருந்தன. குருத்து மட்டும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பச்சையாக நிமிர்ந்து நின்றது. அடித்தண்டு நீளவாக்கில் வெடித்திருந்தது. தோட்டக்காரர் அரிவாளால் குறுக்கே ஒரு வெட்டு வெட்டினார்; மட்டைகளுக்குள் செம்பழுப்பில் புள்ளிகள், நீளவாக்கில் கிழித்தால் அதே நிறத்தில் கோடுகள். செடிக்குள் தண்ணீர் ஏறும் குழாய்கள் அடைபட்டுப்போனதன் அடையாளம் அது.

நான் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: “இது வாடல்னு எங்கப்பா காலத்துலயே தெரியும் பாப்பா. பேரு கெடக்கட்டும். அடுத்து இதே வயல்ல ஜி9 போடலாமா கூடாதா, அத மட்டும் கேட்டுச் சொல்லு.”

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தப் பெயருக்குள்தான் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, நல்லா யோசித்தால் எனக்கும் அப்போது தெரியாது. வாடல் பூஞ்சையில் ரேஸ் என்று பிரிவுகள் உண்டு. ரேஸ் 1 ரஸ்தாலியைக் கொல்லும். ஒரு காலத்தில் உலகச் சந்தையையே ஆண்ட குரோ மிஷேல் வாழையை மத்திய அமெரிக்காவில் காலி செய்ததும் அதுதான். 1950-களிலும் 60-களிலும் ஏற்றுமதிக் கம்பெனிகள் கேவண்டிஷுக்கு மாறியது அதனால்தான், ஏனென்றால் கேவண்டிஷ் ரேஸ் 1-ஐத் தாங்கும். நம் ஊரில் திசு வளர்ப்புக் கன்றாகக் கிடைக்கும் ஜி9 அந்தக் கேவண்டிஷ் வகை. ரேஸ் 4 வந்தால் அதுவும் போச்சு. அதிலும் டி.ஆர்.4 என்கிற வெப்பமண்டல ரேஸ் 4, ஆசியாவில் தொடங்கி, 2013-ல் மொசாம்பிக், 2019-ல் கொலம்பியா என்று கடல் தாண்டிவிட்டது. பீகார், உத்தரப்பிரதேசத் தோட்டங்களில் அது இருப்பதாக 2019-ல் ஆய்வறிக்கைகள் வந்தன. ஆக, ரேஸ் 1 என்றால் ஒரு பதில், டி.ஆர்.4 என்றால் வேறு பதில், கிழங்கழுகல் பாக்டீரியா என்றால் முற்றிலும் வேறு பதில். ஆனால் தட்டில் ரேஸ் 1-க்கும் ரேஸ் 4-க்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் கிடையாது.

சரி, என் தவறுகளை வரிசையாகச் சொல்கிறேன். முதல் தவறு வயலிலேயே நடந்துவிட்டது. கிழங்கிலிருந்து ஒரு துண்டை வெட்டினேன், அது கையில் சுலபமாக வந்தது என்பதால். அழுகிய பகுதியும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை முடிச்சுப் போட்டு, வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோனேன். பஸ்ஸிலேயே கவருக்குள் வியர்த்துவிட்டது. நோய்ப் பூஞ்சை உள்ளே குழாய்களில் இருக்கிறது, சரிதான். ஆனால் செத்த திசுவைத் தின்னவென்றே மண்ணில் ஒரு பெருங்கூட்டம் காத்திருக்கிறது, நான் அந்தக் கூட்டத்துக்குக் கவருக்குள் விருந்தே வைத்துவிட்டேன்.

லேபில் செய்ததெல்லாம் புத்தகப்படிதான். 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து வடிகட்டிய சாறு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 20 கிராம் அகர், ஒரு லிட்டர் தண்ணீர், அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி. பி.டி.ஏ. என்கிற இந்தக் கலவை பெரிய கல்லூரிகளில் பொடியாகவே டப்பாவில் வரும், நாங்கள் உருளைக்கிழங்கு சீவினோம். (அகர் என்பது கடற்பாசிச் சத்து. ஜெல்லி செய்யப் பயன்பட்ட இந்தப் பொருளைக் கிருமி வளர்க்கவும் பயன்படுத்தலாம் என்று 1881-ல் யோசனை சொன்னவர் ஃபேனி ஹெஸ்ஸே. அவர் கணவர், ராபர்ட் கோக் என்ற கிருமியியல் விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் இருந்தார், கணவர் பயன்படுத்திய ஜெலட்டின் கோடையில் உருகி ஓடியது, வீட்டுச் சமையலறையிலிருந்து தீர்வு வந்தது. நம் ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கிற பாசியிலும் அகர் இருக்கிறது. ஆட்டோகிளேவ் விசில் அடிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு சமாசாரமும் நினைவுக்கு வரும்.)

துண்டுகளை ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியில் ஒரு நிமிடம் முக்கி, மூன்று முறை கிருமிநீக்கிய தண்ணீரில் அலசி, தட்டில் வைத்தேன். இரண்டாம் நாள் ஒரு தட்டில் ரைசோபஸ் என்ற வேறு பூஞ்சை மூடியைத் தொட்டுவிட்டது, இன்னொன்றில் டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சை பச்சையாக ஓடியது. இரண்டையும் ஆட்டோகிளேவுக்கு அனுப்பினோம். எங்கள் லேப் அண்ணன், தட்டு கழுவியே இருபது வருடம் ஆனவர், அவர் தட்டைப் பார்த்ததும் சொல்வார்: “இது காத்துல வந்தது, துண்டுலேர்ந்து வரல பாரு.” துண்டின் விளிம்பிலிருந்து கிளம்பாமல் தனியாக ஒரு மூலையில் முளைத்தால் அது வெளியாள் என்று அர்த்தம். மழைக்காலத்தில் தட்டுக்குள் சிலந்திப்பேன் மாதிரியான பொடிப்பூச்சி புகுந்து, நடந்த வழியெல்லாம் வேறு வேறு பூஞ்சையைப் புள்ளி வைத்துக்கொண்டே போகும், அதையும் அவர்தான் காட்டினார். ஆனால் துண்டிலிருந்தே கிளம்புகிற வெளியாளைப் பற்றி அவரும் எச்சரிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பந்திக்கு முந்தி வந்து உட்கார்ந்தவர்களை எல்லாம் பெண் வீட்டுக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கத்தரிப்பூ நிறத் தட்டுக்கு வருவோம். ஒரு துளி காட்டன் புளூ சாயத்தில் கொஞ்சம் பஞ்சைக் கலைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், அரிவாள் மாதிரி வளைந்த பெரிய வித்துகள் தெரிந்தன. மூன்று குறுக்குச்சுவர், ஒரு முனையில் சின்னக் குதிகால். ஃபியூசேரியம் என்பதில் சந்தேகமே இல்லை. கூடவே அவரை விதை மாதிரி சின்ன வித்துகள் ஏராளம். தடித்த சுவருள்ள உருண்டைகள், கிளாமிடோஸ்போர், இழை நுனியில் ஒன்றும் இரண்டுமாக. இது மூன்றும் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று எழுதிவிட்டேன். இந்த உருண்டைகளால்தான் இந்தப் பூஞ்சை வாழை இல்லாத மண்ணிலும் பத்தாண்டுக் கணக்கில் காத்திருக்கிறது.

மேடம் ஸ்லைடைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “ஏம்மா, சின்ன வித்து எதுலேர்ந்து வருதுன்னு பார்த்தியா?”

பார்க்கவில்லை. வித்தைப் பார்த்தேனே தவிர, அது பிறக்கிற காம்பைப் பார்க்கவில்லை. ஃபியூசேரியத்தில் அந்தக் காம்புக்கு ஃபியாலைடு என்று பெயர். ஆக்சிஸ்போரமில் அது குட்டையாக, குப்பியைப் போல இருக்கும். நுனியில் சின்ன வித்துகள் ஈர உருண்டையாகச் சேர்ந்து நிற்கும். வெர்டிசிலியாய்டஸ் என்ற இன்னொரு ஃபியூசேரியம் இனம் என்றால் வித்துகள் மணிமாலை மாதிரி சங்கிலியாகக் கோத்து நிற்கும், கிளாமிடோஸ்போரே இருக்காது. சொலானை என்ற இனம் என்றால் அதே ஈர உருண்டைதான், ஆனால் காம்பு நெடுநெடுவென்று நீளமாக இருக்கும். என் ஸ்லைடில் நெடுங்காம்பும் இருந்தது, குட்டைக்காம்பும் இருந்தது.

அதாவது தட்டில் இருந்தது ஒரு பூஞ்சை இல்லை, இரண்டு. கத்தரிப்பூ நிறம் ஆக்சிஸ்போரமுடையது, நான் மகிழ்ந்து படம் பிடித்த வித்துகளில் பாதிக்கு மேல் சொலானையுடையது. ஒருவருடைய முகத்துக்கு இன்னொருவருடைய பெயரை வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு ரேஷன் கார்டு போட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். வித்து எப்படிப் பிறக்கிறது என்பதை வைத்துப் பூஞ்சைகளை வகைப்படுத்தும் வழியில் நம் ஊர்க்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் டி.எஸ். சதாசிவன் மண்வழி வாடல் நோய்களையும் ஃபியூசேரியத்தையும் ஆராய்ந்த காலத்தில் அவரிடம் படித்த சி.வி. சுப்பிரமணியன் அவர். மெரினாவுக்கு எதிரே நடந்த வேலை. நான் அந்தப் பெயரைப் பரீட்சைக்குப் படித்து, எழுதி, மார்க்கும் வாங்கியிருந்தேன். ஸ்லைடுக்கு முன்னால் உட்கார்ந்தபோது காம்பைப் பார்க்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒற்றை வித்து பிரிப்பதற்கு உட்கார்ந்தேன், முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. வித்துகளை நீர்த்து, வெறும் தண்ணீர் அகரில் மெல்லிசாகப் பரப்பி, மறுநாள் முளைவிட்ட ஒரே ஒரு வித்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஊசியால் அகரோடு பெயர்த்தெடுக்க வேண்டும். கை நடுங்கும். ஏசியை நிறுத்தினால் வியர்க்கும், போட்டால் காற்றடிக்கும். பாதி நாள் போய் பத்து வித்து கிடைத்தது. அதை பி.டி.ஏ.-வில் மட்டும் வளர்த்தால் போதாது. சர்க்கரை அதிகமான தட்டில் ஃபியூசேரியம் பஞ்சாகக் கொழுக்கும், வித்தின் உருவம் கண்டபடி மாறும், திரும்பத் திரும்ப மாற்றி வளர்த்தால் நிறமே வெளுத்துப் பிசுபிசுவென்று ஆகிவிடும். உருவம் பார்க்கக் கார்னேஷன் இலைத் துண்டு போட்ட வெறும் அகர்தான் சரி. அந்த இலைமேல் ஆரஞ்சு நிறத் திட்டுகளில் வித்துகள் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி வரும். மருந்தடிக்காத கார்னேஷன் இலை வேண்டும், அது ஒரு தனி அலைச்சல், அதை விட்டுவிடுகிறேன்.

இப்போது கையில் சுத்தமான ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம் இருந்தது. குட்டைக்காம்பு, ஈர உருண்டை, கிளாமிடோஸ்போர், எல்லாம் சரி. நோய்த்தன்மைச் சோதனைக்காகத் தொட்டியில் ஆறு ரஸ்தாலிக் கன்று நட்டு, வேரைக் கொஞ்சம் கீறி, வித்துக் கரைசலை ஊற்றினேன். ஒரு மாதம். ஒன்றரை மாதம். இரண்டு மாதம். கன்றுகள் ஜம்மென்று வளர்ந்தன. தண்ணீர் மட்டும் ஊற்றிய கன்றுகளைவிட ஒரு இலை அதிகம் விட்டிருந்ததோ என்று எனக்குச் சந்தேகம். ஒன்றை வெட்டிக் கிழங்கைப் பார்த்தேன், பால் வெள்ளை.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் சாப்பிடவில்லை. மேடம் மட்டும் நிதானமாக இருந்தார். மண்ணில் இருக்கிற ஆக்சிஸ்போரத்தில் எத்தனையோ ரகம் யாருக்கும் தீங்கு செய்யாமல் வேரோரத்தில் குடியிருப்பது, கிழங்கு அழுகினால் உள்ளே வந்து எச்சத்தைத் தின்பது. அவற்றுக்கும் கொலைகாரனுக்கும் மைக்ராஸ்கோப்பில் எந்த வித்தியாசமும் கிடையாது.

அந்த மூன்றாவது சொல்லின் கதை இங்கேதான் வருகிறது. 1910-ல் எர்வின் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் கியூபாவிலிருந்து வந்த வாழைத் துண்டிலிருந்து பிரித்த பூஞ்சைக்கு ஃபியூசேரியம் கியூபென்ஸ் என்று பெயர் வைத்தார். (நோயை 1876-லேயே ஆஸ்திரேலியாவில் பேன்கிராஃப்ட் எழுதிவைத்துவிட்டார், ஆனால் நாமெல்லாம் பனாமா என்கிறோம், பூஞ்சை கியூபா என்கிறது, யாருக்கு யார் பேர் என்பதில் ஒரு நியாயமும் இல்லை.) அந்தக் காலத்தில் இனம் பெருகிக்கொண்டே போனது. 1935-ல் வோலன்வெபரும் ரைன்கிங்கும் 65 இனம், அதற்குள் வகை, வடிவம் என்று அடுக்கினார்கள். 1940-ல் ஸ்னைடரும் ஹான்சனும், வாடல் உண்டாக்குகிற இந்தக் கூட்டம் முழுக்க உருவத்தில் ஒன்றுதான், இனம் ஒன்றே, ஆக்சிஸ்போரம், எந்தச் செடியைக் கொல்கிறதோ அதை வைத்து ஒரு துணைப்பெயர் கொடுத்தால் போதும் என்றார்கள். வாழையைக் கொன்றால் கியூபென்ஸ், தக்காளியைக் கொன்றால் லைகோபெர்சிசி. அப்படியானால் அந்தத் துணைப்பெயர் உருவத்தைச் சொல்லவில்லை, செய்த காரியத்தைச் சொல்கிறது. வாழையைக் கொன்று காட்டாதவனுக்கு அந்தப் பட்டத்தை நான் மார்க்கரால் கொடுத்துவிட்டேன்.

திரும்ப தொட்டியம் போனேன். தோட்டக்காரர் சிரித்தார். “என்ன பாப்பா, பரீட்சைல பெயிலா?” ஆமாம் என்றேன்.

இந்த முறை கிழங்கைத் தொடவில்லை. நோய் கண்டு இன்னும் நிற்கிற மரமாகப் பார்த்து, தரையிலிருந்து ரெண்டடி உயரத்தில், வெளி மட்டையை உரித்து, உள்ளே செம்பழுப்பு ஏறிய நார்களை மட்டும் ஒவ்வொன்றாக உருவி எடுத்தேன். பிளாஸ்டிக் கவர் இல்லை. ஃபில்டர் பேப்பர் மடிப்பில் வைத்து, காகித உறையில் போட்டு, பையில். நார் காய்ந்துவிடும், அழுகல் பாக்டீரியாவும் மற்ற பந்திக்காரர்களும் பட்டினி கிடப்பார்கள், குழாய்க்குள் இருப்பவன் தாங்குவான். லேபில் நாரைத் துண்டாக்கித் தட்டில் வைத்தேன். மூன்றாம் நாள் ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரே மாதிரி வெள்ளை, அடியில் அதே கத்தரிப்பூ நிறம். பழைய தட்டையும் புதிய தட்டையும் பக்கத்தில் வைத்து மேடத்திடம் காட்டினேன், எது எதென்று அவருக்கும் தெரியவில்லை. மூடியில் இந்த முறை வெறும் எண் போட்டேன். பிறகு பழையபடி தொட்டியில் ரஸ்தாலிக் கன்றுகள், கூடவே ஜி9 கன்றுகளும் நட்டு, வித்துக் கரைசலை ஊற்றினேன்.

ஆறாவது வாரம் முதல் கன்றில் அடி இலை மஞ்சளானது. பின்னாலேயே நாலு கன்று. ஜி9 கன்றுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. செத்த ரஸ்தாலியை வெட்டினால் அதே செம்பழுப்பு, அதிலிருந்து திரும்பப் பிரித்தால் அதே பூஞ்சை. ஒரு செடி செத்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

ரேஸைத் தெரிந்துகொள்ள இன்னும் சில வழிகள் உண்டு. ஒன்று ரொம்பப் பழையது, எனக்கு ரொம்பப் பிடித்தது: ஃபிளாஸ்கில் வெந்த சோற்றின்மேல் பூஞ்சையை வளர்த்து வாசனை வருகிறதா என்று பார்ப்பது. 1919-லேயே பிராண்டஸ் என்பவர் வாசனை உள்ளது, இல்லாதது என்று பிரித்தார். டி.ஆர்.4-க்கு 2019-ல் ஒரு குழு தனி இனமாக ‘ஓடராட்டிசிமம்’ என்று பெயர் முன்மொழிந்ததே இந்த வாசனையை வைத்துத்தான். எல்லோரும் அதை ஏற்கவில்லை. எங்கள் பொன்னி அரிசிச் சோற்றில் வாசனை எதுவும் வரவில்லை. (பூஞ்சையை மூக்கில் வைத்து முகராதீர்கள். நாங்கள் தூரத்திலிருந்து கையால் விசிறிப் பார்த்தோம், அதுவே தப்பு என்று இப்போது தோன்றுகிறது.)

இன்னொன்று, சம்பந்தம் பார்ப்பது. எதன் இழை எதனோடு இணையும் என்பதை வைத்து இந்தப் பூஞ்சையைக் குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். குளோரேட் கலந்த அகரில் வளர்த்து, நைட்ரேட்டைப் பயன்படுத்தத் தெரியாத ஊனப் பிறப்புகளை எடுத்து, வெறும் நைட்ரேட் தட்டில் தெரிந்த குழுவின் ஆளோடு எதிரெதிரே வைக்க வேண்டும். தனித்தனியாக இரண்டும் நோஞ்சானாகப் படரும். ஒரே குழுவாக இருந்தால், இழைகள் சந்திக்கிற கோட்டில் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டி வெள்ளை வரப்பு மாதிரி அடர்த்தியாக எழும்பும். டி.ஆர்.4 என்றால் 01213/16 என்ற குழு. ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதால் அந்த வேலை எங்கள் லேபில் ஆகாது, வெளியே அனுப்பினோம். டி.என்.ஏ.-வையும் அனுப்பினோம். அதிலும் ஒரு பாடம். முதலில் சிக்கனம் பார்த்து ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதியை மட்டும் படிக்க வைத்தோம். தரவுத்தளத்தில் போட்டால் வரிசையாக நூறு சதவீதம், பட்டியலில் ஆக்சிஸ்போரமும் இருக்கிறது வேறு இனங்களும் இருக்கின்றன, யாரோ என்னைப் போல அவசரத்தில் பெயர் வைத்து ஏற்றியதும் அதில் உண்டு. ஃபியூசேரியத்துக்கு டெஃப் மரபணு பார்க்க வேண்டும், அதுவும் இனத்தைச் சொல்லுமே தவிர ரேஸை அடித்துச் சொல்லாது. டி.ஆர்.4-க்கென்று தனி பி.சி.ஆர். சோதனை உண்டு. அதில் எங்களுடையது டி.ஆர்.4 இல்லை என்று வந்தது. குழுவும் ரேஸ் 1-ஐச் சேர்ந்ததாக வந்தது.

அப்பாடா, ஜி9 போடலாம் என்று சொல்லிவிடலாமா? மேடம் ஒரு கட்டுரையை எடுத்து நீட்டினார். ரேஸ் 1-ன் வீரியமான ஒரு ரகம் தமிழ்நாட்டிலேயே கேவண்டிஷைத் தாக்கியதாக 2010-ல் வந்த பதிவு. என் தொட்டியில் ஜி9 கன்று இரண்டு மாதம் நன்றாக இருந்தது என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும். வயலில் பத்து மாதம் நிற்கிற மரத்துக்கு அது உத்தரவாதம் இல்லை.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மூன்றாம் முறை தொட்டியம் போனபோது, அந்த வயலில் நெல் நின்றது, பால் பிடிக்கிற பருவம். அவர் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பதிலுக்குக் காத்திருந்தால் அவருக்கு ஒரு போகம் போயிருக்கும், அவர் காத்திருக்கவில்லை. வாடல் வந்த வயலில் கொஞ்ச காலம் தண்ணீர் கட்டி நெல் போடுவது அவர் அப்பா செய்ததுதானாம்.

“பேரு கண்டுபுடிச்சாச்சா பாப்பா?”

கண்டுபிடித்தாச்சு என்றேன். தாளை வாங்கி, மூன்று சொல்லையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். “இவ்ளோ நீளமா?” என்று கேட்டுவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பூஞ்சை இப்போதும் எங்கள் துறைக் குளிர்பெட்டியில் இருக்கிறது, பாரஃபின் எண்ணெய்க்கு அடியில், சாய்வுக் குழாயில். லேபிளில் ஊர், தேதி, ரஸ்தாலி, தண்டு நார், ரெண்டடி, எண் 17 என்று என் கையெழுத்தில் இருக்கும். பக்கத்தில் இன்னொரு குழாய், எண் 4, கிழங்கு. அது எந்தச் செடியையும் கொல்லவில்லை. அதைத் தூக்கிப்போட லேப் அண்ணன் இரண்டு முறை கேட்டார், நான் விடவில்லை.